எண்ணெய்க் குளியலுக்குப் பின் சரிபார்க்கவும்

நாடித்துணை வாரியத்தின் ஈரோட்டுக் குறைதீர்ப்பு மையத்தில் எனக்குச் சம்பளம் கொடுப்பது ஒரே ஒரு காரியத்துக்கு. வரும் புகார்களை நான் வாசிக்க வேண்டும். பதில் எழுதுவது இயந்திரம். ஆனால் ஒவ்வொரு புகாரையும் ஒரு மனிதர் வாசிப்பார் என்று யாரோ சட்டசபையில் வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த மனிதர் நான். கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்ததும் திரையின் மூலையில் இருக்கும் 'வாசிக்கப்பட்டது' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். வாசித்தவர் வருத்தப்படலாமா என்று விதிமுறையில் இல்லை. நான் வருத்தப்பட்டேன். அதற்குப் பொத்தான் இல்லை.

நாடித்துணை என்பது ஐந்து ரூபாய்க் காசு அளவு ஒட்டு. நாற்பது வயது தாண்டிய எல்லோரும் இடது காறை எலும்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ள வேண்டும். இதயம் தாளம் தப்பினால் அது கண்டுபிடித்துவிடும். பிறகு இயந்திரம் முடிவெடுக்கும். ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் வரும், சிவப்புச் சீட்டு கிடைக்கும். சிவப்புச் சீட்டு இல்லாமல் எந்த மருத்துவரும் இதயத்துக்கு மருந்து எழுதக் கூடாது. முன்பெல்லாம் மருத்துவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். இப்போது குழப்பமே இல்லை.

தாளம் தப்பினால் ஒட்டு பேசும். ஆண்களிடம், "ஐயா, அசையாதீர்கள். வண்டி புறப்பட்டுவிட்டது" என்று சொல்லும். பெண்களிடமும் பேசும். "அம்மா, கண்ணை மூடி உட்காருங்கள். மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள்" என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் வீணை வாசிக்கும். வீணை நன்றாகவே இருக்கும். அதில் யாரும் குறை சொன்னதில்லை.

மற்றதில் சொன்னார்கள். என் மேசைக்கு வந்த புகார்களில் பத்துக்கு ஒன்பது பெண்கள் எழுதியவை. அந்தியூரில் ஒருத்தர் வீணை முடிவதற்குள் வலது கை விழுந்துவிட்டது என்று இடது கையால் எழுதியிருந்தார். வாசித்தேன். அழுத்தினேன்.

எங்கள் மையத்தில் என்னோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருகிறவள் ஜைத்தூன். பவானிப் பெண், இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளர். நான் பேசாமல் சாப்பிடுவதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாத ஒரே ஆள். ஒரு நாள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, ஒரு வேடிக்கை காட்டட்டுமா சார் என்று கேட்டாள். திரையில் ஒரு இதயத்தின் கோடு ஓடியது. சீராக இல்லை, கோழி கிளறிய மண் போல இருந்தது. மேலே 'ஆண்' என்று போட்டாள். திரை சிவந்தது. அதே கோட்டுக்கு மேலே 'பெண்' என்று போட்டாள். வீணை வாசித்தது.

ஏன் என்று நான் கேட்கவில்லை. என் மௌனத்தைக் கேள்வியாக எடுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியும்.

"நாப்பது வருஷத்து ஆஸ்பத்திரிக் கோப்பைக் கொடுத்து இதைப் படிக்க வச்சாங்க சார். நெஞ்சு படபடன்னு வந்த ஆம்பளைக்கு உடனே ஈசிஜி எடுத்திருக்காங்க. பொம்பளைகிட்ட, வீட்ல ஏதாவது பிரச்சனையான்னு கேட்டிருக்காங்க. வீட்ல பிரச்சனை இல்லாத பொம்பளை எங்க இருக்கா? ஆமான்னு சொல்லியிருக்கா. டாக்டர் மனப்பதற்றம்னு எழுதிட்டார். இது நல்ல மாணவன். எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமப் படிச்சுக்கிச்சு."

திருத்த முடியாதா என்றேன். மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தாளாம். இயந்திரத்தின் விடைகளைப் பழைய கோப்புகளோடு ஒப்பிட்டோம், தொண்ணூற்றாறு சதவீதம் ஒத்துப்போகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று பதில் வந்ததாம்.

அந்த வாரத்தில்தான் என் அக்காவின் புகார் என் திரைக்கு வந்தது.

மரகதம், அறுபத்தொன்று, கோபிசெட்டிபாளையம். முப்பது வருடம் கணக்கு டீச்சர். எல்லோரும் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதுவார்கள். அக்கா கட்டம் போட்ட நோட்டிலிருந்து அட்டவணை அனுப்பியிருந்தாள். தேதி, தொடங்கிய நேரம், நீடித்த நிமிடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை. பதினோரு முறை. கடைசி முறை நாற்பத்து மூன்று நிமிடம், தலைசுற்றலோடு. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'வீணை' என்று குறித்திருந்தாள். வாசித்தேன். மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். பிறகு அழுத்தினேன். இயந்திரத்தின் பதில் அடுத்த நொடியே போனது. தங்கள் படபடப்பை இவ்வளவு நுணுக்கமாகக் குறித்து வைத்திருப்பதே மனப்பதற்றத்தின் அடையாளமாக இருக்கலாம், நோட்டை மூடி வைத்துவிட்டுத் தோட்ட வேலை செய்து பார்க்கவும்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டா சென்னி, என் லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா."

"யாரு படிச்சது?"

"நாந்தான்."

"படிச்சுட்டு?"

"பொத்தானை அழுத்துனேன்."

"எந்தப் பொத்தான்?"

"ஒண்ணுதான்க்கா இருக்குது."

அவள் சிரித்தாள். எட்டாம் வகுப்பில் எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டதாம். சிரிப்புக்கு நடுவில் மூச்சு இரண்டு இடத்தில் அறுந்தது.

தீபாவளிக்குக் கோபிக்குப் போனேன். எனக்குக் குடும்பம் இல்லை. பண்டிகை என்றால் அக்கா வீடுதான். மாமா நாச்சிமுத்து கூட்டுறவுச் சங்கத்தில் மஞ்சளுக்குத் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். நானும் அவரும் எதிரெதிர் நாற்காலியில் ஒரு முழுக் காலைப்பொழுதைப் பேசாமலே கழித்துவிட்டு, நிறையப் பேசின நிறைவோடு எழுந்திருப்போம்.

நாடித்துணையை வடிவமைத்த மேதைகள் வியர்வையை யோசித்திருந்தார்கள், மழையை யோசித்திருந்தார்கள். நல்லெண்ணெயை யோசிக்கவில்லை. எண்ணெய் பட்டால் பசை விட்டுவிடும். அதனால் எண்ணெய் தேய்க்கிற நாளில் எல்லோரும் ஒட்டைக் கழற்றி வைப்பார்கள். மற்ற வாரங்களில் ஒட்டு மாறிப்போகும் ஆபத்து இல்லை. பெண்களுக்கு வெள்ளிக்கிழமை, ஆண்களுக்குச் சனிக்கிழமை. வருடத்தில் ஒரே ஒரு காலையில்தான் வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக எண்ணெய் வைப்பார்கள். அக்கா, மாமா இருவருடைய ஒட்டும் ஒரே பித்தளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அக்கா சமையலறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வீணைக்காகக் காத்திருந்தாளாம். அவள் நெஞ்சிலிருந்து, "ஐயா, அசையாதீர்கள். வண்டி புறப்பட்டுவிட்டது" என்று குரல் வந்தது. ஒன்பது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. வந்தவர்கள் கூடத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்த மாமாவைத் தூக்கப் போனார்கள். எனக்கு ஒன்றுமில்லைங்க என்று அவர் சொன்னதும், எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க என்று காலைப் பிடித்தார்கள். ஒட்டு எம்மேல இருக்குது என்று அக்கா உள்ளேயிருந்து சொன்னாள். கருவியை வைத்துப் பார்த்தார்கள். நாச்சிமுத்து, ஆண், அறுபத்தாறு என்று காட்டியது. கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அக்காவை ஐயா என்று அழைத்தபடி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

தகவல் வந்து நான் ஈரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் எஸ்தர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வயதானவர். மூன்று விரலை மணிக்கட்டில் வைத்து, வாயைத் திறக்காமல் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வழக்கமே ஒழிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

"பேரு நாச்சிமுத்தா?" என்று கேட்டார்.

"அப்படித்தானுங்க போட்டிருக்குது" என்றாள் அக்கா.

டாக்டர் சிவப்புச் சீட்டை ஒருமுறை பார்த்தார், அக்காவின் வளையலை ஒருமுறை பார்த்தார். பிறகு எங்களிடம் சொன்னார்.

"இதயத்தோட மேலறை துடிக்காம நடுங்குது. நடுங்கினா ரத்தம் தேங்கும், தேங்கினா உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். ஆம்பளைங்களுக்கு இது சின்ன வயசுலயே வரும், நிறையப் பேருக்கு வரும். பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் தாமதமா வரும், வந்தா விடாது. அசதி, தலைசுத்தல்னு வரும். பக்கவாதத்துல விழறது அவங்கதான் அதிகம். மாத்திரை கம்மியாக் கிடைக்கிறதும் அவங்களுக்குத்தான்."

கூடப்பிறந்தவர்களுக்கு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். தம்பி ஒருத்தன்தான், அவனுக்கு ஒண்ணும் வராதுங்க, சும்மா உட்கார்ந்தேதான இருக்கிறான் என்றாள் அக்கா. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதி, மாதா மாதம் நாச்சிமுத்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். நாங்கள் எழுந்தபோது தலையைத் தூக்காமலே, "ஒட்டை மாத்தீராதீங்க" என்றார்.

மாமா அன்று ஒரே ஒரு வார்த்தை பேசினார். "ஆகட்டுங்க."

ஈரோட்டுக்குத் திரும்பியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் பணிக்காலத்தில் வந்த முதல் யோசனை. மேலதிகாரி திருவேங்கடத்திடம் போய், ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது சார் என்றேன். எண்ணெய்க் குளியலின்போது கணவன் மனைவி ஒட்டு மாறிவிடுகிறது. மனைவிக்கு வெறும் படபடப்பு வந்தாலும் கணவன் பெயரில் ஆம்புலன்ஸ் போய்விடும், சிவப்புச் சீட்டும் கிடைத்துவிடும். அவர் பதறிப்போனார். எத்தனை வண்டி வீணாகும் என்று யோசித்தார். மக்களை உடனே எச்சரிக்க வேண்டும் என்றார். எச்சரிக்கை வாசகத்தை என்னையே எழுதச் சொன்னார். நான் எழுதினேன்.

'எண்ணெய்க் குளியலுக்குப் பின் தங்கள் ஒட்டைச் சரிபார்த்து அணியவும். கணவரின் ஒட்டு மனைவியின் உடலில் இருந்தால் இயந்திரம் அவரை ஆணாகக் கருதி உடனடியாக ஆம்புலன்ஸ் அனுப்பிவிடும். கவனம் தேவை.'

பெண்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு பதிலின் அடியிலும் இந்த வரி சேர்ந்தது. பெண்களும் கவனமாகத்தான் இருந்தார்கள்.

பொங்கலுக்குள் புகார்கள் பாதியாகக் குறைந்தன. பங்குனியில் ஒரு நாளைக்கு நாலைந்துதான் வந்தன. சிறந்த குறைதீர்ப்பு மையம் என்று திருவேங்கடத்துக்குக் கேடயம் கொடுத்தார்கள். சித்திரையில் இயந்திரத்துக்குப் புது வருடத்துத் தரவைக் கொடுத்து மறுபடி படிக்க வைத்தார்கள். தமிழக ஆண்களின் இதயத்தில் திடீர் மாற்றம் தெரிவதாக அது கண்டுபிடித்தது. ஆண்களுக்கு முன்பில்லாத அசதியும் தலைசுற்றலும் வந்திருந்தன. பெண்களின் இதயமோ முன்னைவிட உறுதியாகிவிட்டது. அவர்கள் புகாரே செய்வதில்லை. அமைச்சர் கவலைப்பட்டார். அந்த ஆண்டு ஆடவர் இதயப் பாதுகாப்பு ஆண்டாக அறிவிக்கப்பட்டது. எங்கள் வாசலில் மீசை வைத்த ஒரு இதயத்தின் படத்தை மாட்டினார்கள்.

ஜைத்தூன் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். மதியம் சாப்பிடும்போது, அந்த எச்சரிக்கை வரி உங்களோடதா சார் என்று கேட்டாள். தலையாட்டினேன்.

"நல்ல எச்சரிக்கை. எங்கம்மா மூணு தடவை படிச்சாங்க."

பிறகு டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "இப்ப அப்பா அம்மாவோடதைப் போட்டிருக்கார்" என்றாள்.

அதற்கும் நான் தலையாட்டினேன். அவள் சொன்னது என் தலைக்குள் போகவில்லை. பெரிய காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் இருக்கிறவனுக்குச் சின்ன வாக்கியங்கள் காதில் விழாது.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை என் திரையில் இரண்டே புகார்கள். இரண்டாவது மரகதம், அறுபத்தொன்று, பெண் என்று ஆரம்பித்தது. நேரம் இல்லை, நிமிடம் இல்லை, அட்டவணை இல்லை. நாலு வரிதான்.

'நெஞ்சு ஓடுகிறது. மூச்சு விடச் சொன்னது. விட்டேன். புகார் ஒன்றுமில்லை, தெரிவித்துக்கொள்கிறேன்.'

நாற்பது வருடம் கூட்டுறவுச் சங்கத்துக்கு மஞ்சள் அறிக்கை எழுதியவரின் வாக்கியங்கள். சங்கத்துக்கு அனுப்புகிற மாதிரி யாருக்கென்று இல்லாமல் அனுப்பியிருக்கிறார். அதை வாசிக்கப்போவது நான்தான் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வீட்டில் ஆண் என்று ஒரே ஒரு ஒட்டு. அது தேவைப்படுகிற இதயம் இப்போது இரண்டு.

அழுத்தினேன். வழக்கம் போய்விடுமா?

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கோபிக்குப் போனேன். மாமா நாற்காலியில் இருந்தார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அரைமணி நேரம் இருவரும் தெருவைப் பார்த்தோம். பிறகு, இன்னிக்கு எண்ணெய் தேச்சுக்கலாங்களா மாமா என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தரம் பார்க்கிற பார்வை.

"ஒண்ணுதான இருந்துச்சு, சென்னி" என்றார். "அவகிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் பொறுத்து, "அக்காளுக்குச் சொல்லீராத" என்றார்.

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். என் ஒட்டும் அவர் ஒட்டும் பித்தளைத் தட்டில் கிடந்தன. நான் ஈரத்தலையோடு வந்தபோது அக்கா தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் கட்டம் போட்ட நோட்டு. விரித்துக் காட்டினாள். அவளுடைய அட்டவணைக்குப் பக்கத்தில் இன்னொரு அட்டவணை இருந்தது. மாசியில் ஆரம்பித்து, பதினேழு வரி.

"முப்பத்தஞ்சு வருஷமாப் பக்கத்துல படுக்கறேன். எனக்குத் தெரியாதா? அவர் தூங்குனதுக்கப்புறம் கையப் புடிச்சு எண்ணுவேன். ஒட்டைத் திருப்பிக் குடுக்கறேன்னு மூணு தடவை சொல்லிட்டேன். காது கேக்காத மாதிரி உக்காந்திருக்கறார்."

உங்கிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன், எப்படிக் கேக்கறதுன்னு தெரியல என்றாள். பிறகு என் ஒட்டை எடுத்து மாமாவின் நெஞ்சில் ஒட்டி, பிள்ளைகளின் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிற மாதிரி ஒருமுறை அழுத்தினாள். இனி அவர் என் பெயரில் மருத்துவரைப் பார்ப்பார். மீதியிருந்ததை என்னிடம் நீட்டினாள். அதில் அவள் பெயர் இருந்தது.

"உனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்றாள். கேள்வி மாதிரியும் இருந்தது.

"ஒண்ணுமில்லைக்கா."

கிளம்பும்போது அவள் எனக்கும் எண்ணக் கற்றுக்கொடுத்தாள். மூன்று விரல் வைக்க வேண்டும். வாயால் எண்ணக் கூடாது, மனதால் எண்ண வேண்டும். அவசரப்படக் கூடாது, எண்ணி முடியும்வரை விரலை எடுக்கக் கூடாது. நீ சும்மா உட்கார்றவன், உனக்கு நல்லா வரும் என்றாள். மாமா வாசல்வரை வந்தார். கையை என் தோளில் வைத்தார், எடுத்தார். அன்றைய வார்த்தைகள் தீர்ந்துவிட்டன போல.

பஸ் கவுந்தப்பாடி தாண்டும்போது நெஞ்சுக்குள் ஒரு மீன் புரண்டது. படியேறி வந்த களைப்பு என்று நினைத்தேன். ஏறி அரைமணி நேரம் ஆகியிருந்தது. காறை எலும்புக்குக் கீழேயிருந்து கனிவான குரல் வந்தது.

"மரகதம் அம்மா, இன்று வீட்டில் யாராவது ஏதாவது சொன்னார்களா? கண்ணை மூடி உட்காருங்கள். மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள்."

பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீணை ஆரம்பித்தது. இத்தனை வருடம் அதைப் பற்றி வாசித்திருக்கிறேன். கேட்பது இதுதான் முதல் தடவை. மூன்று விரலை மணிக்கட்டில் வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு மூன்று சேர்ந்தாற்போல். பிறகு ஒன்று. ஐந்து நிமிடம் முடிந்ததும், "மிக நன்று அம்மா, உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றது. நான் ஈரோடு வரைக்கும் எண்ணினேன்.

திங்கட்கிழமை என் திரையில் ஒரே ஒரு புகார்தான் இருந்தது. மரகதம், அறுபத்தொன்று, பெண். தேதி, தொடங்கிய நேரம், நீடித்த நிமிடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை என்று ஒழுங்காக அட்டவணை போட்டிருந்தது. முந்தின நாள் நானே உட்கார்ந்து போட்டது. விதிமுறைப்படி கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

பொத்தான் மூலையில் இருந்தது. வலது கை விரல்கள் மூன்றும் இடது மணிக்கட்டில் இருந்தன. எண்ணிக்கொண்டிருக்கும்போது கையை எடுக்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.